கேட்டவர்களுக்குக் கட்டம் இல்லை

மே மாதம் முழுக்க
ஷோரூமின் நடுவே ஒரு வட்டம் காலி.
சுழலும் மேடை அது.
அணைக்க மறந்த இரவுகளில்
தன்மேல் ஒன்றுமே இல்லாமல் சுற்றும்.
மேலிருந்து ஐந்து விளக்குகள்
அந்த ஒன்றுமில்லாததைப் பளபளப்பாக்கும்.

ஈரி நகரத்தில் கோடை என்பது பதினான்கு வாரம்.
ஏரி பனியை விட்டுக்கொடுத்த மறுநாளே
ஆட்கள் வந்துவிடுவார்கள்,
கூரை மடங்குகிற, சத்தம் போடுகிற,
யாருக்குமே தேவைப்படாத
அந்த வண்டியைக் கேட்டு.

டிரக் கேட்டு வருபவர் வேறு.
லாயிட் ஹஃப்னருக்குக் கூரை போடும் வேலை;
டிரக் இல்லையென்றால் ஏணி எதில் போகும்?
காத்திருப்பார்.
என்னைத் திட்டிக்கொண்டே ஐந்து மாதம் காத்திருப்பார்.
தேவைக்குப் பொறுமை உண்டு.
ஆசைக்கு இருப்பது
ஒரு மதியம்.

அப்படி ஒரு மதியத்தில் ஐரீன் பெலோவ்ஸ்கி வந்தார்.
முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர்.
"நாற்பத்தெட்டு சீட் போதும் டுவெய்ன்,
இனி எனக்கு இரண்டு.
இரண்டாவதில் என் கைப்பை உட்காரும்."
கியர் கையால் மாற்றுவதாக இருக்க வேண்டும்.
சிவப்பு மட்டும் வேண்டாம்;
ஒவ்வொரு நிறுத்தத்திலும்
சிவப்பு விளக்கைப் போட்டுப் போட்டு
அலுத்துவிட்டதாம்.
காசோலைப் புத்தகம்கூடக் கொண்டுவந்திருந்தார்.

நான் படப் புத்தகத்தை நீட்டினேன்.
கதவுப்பிடி இருக்குமிடத்தை
விரலால் தடவிப் பார்த்தார்.
தாள் திறக்கவில்லை.

ஒரு நிமிடம் உட்கார வைத்திருந்தால் போதும்.
தோல் இருக்கை ஒரு உடம்பை வாங்கிக்கொள்ளும் சத்தம்
எனக்குத் தெரியும்.
அதற்குப் பிறகு விலை
வெறும் கூட்டல் கழித்தல்.

"எப்போது வரும்?"
கப்பல் பால்டிமோரில் நிற்கிறது என்றேன்.
போன வாரமும் அதைத்தான் சொல்லியிருந்தேன், வேறொருவரிடம்.
செப்டம்பர் ஆகலாம்.
"செப்டம்பரில் நான் இதே புத்தியோடு இருப்பேனா?"
என்னைக் கேட்கவில்லை,
கைப்பையைக் கேட்டார்.

மாதக் கடைசியில் படிவம்.
விற்றது என்றொரு கட்டம் உண்டு.
கேட்டது என்று இல்லை.
மேயில் பூஜ்யம். ஜூனில் பூஜ்யம்.
ஜூலையில் ஒன்று, அதுவும்
ஓட்டிக்காட்ட வைத்திருந்த பழைய வண்டி.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
வந்து கேட்டுப் போனவர்கள் பதினேழு பேர்.
ஸ்கேனருக்குப் பென்சில் தெரியவில்லை.

ஆகஸ்டில் தலைமையகத்துப் பையன் ஒருவன்
திரையில் ஒரு கோடு காட்டினான்.
மாடிப்படி இறங்குவதுபோல் இறங்கியது.
"இந்த மாடலில் மக்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது.
அடுத்த வருடம் உங்களுக்கு
நான்குக்குப் பதில் இரண்டு."

சட்டியில் இல்லை.
அகப்பையைக் குறை சொல்கிறார்கள்.
இலைகள் காலியாகக் கிடப்பதைப் பார்த்து
ஊரில் பசியே இல்லை என்று
குறித்துக்கொள்கிறார்கள்.
மைக்கை அணைத்துவிட்டுத்தான் சிரித்தேன்.
எனக்கும் கமிஷன் இருக்கிறது, வீட்டுக் கடன் இருக்கிறது.

வண்டி வந்தது.
நவம்பர் ஒன்பது.
முதல் பனியும் அதே டிரெய்லரில் வந்தாற்போல.
நீலம். கையால் மாற்றும் கியர்.
ஓடியிருந்தது நான்கு மைல்.

ஐரீனைக் கூப்பிட்டேன்.
சமையலறையைப் புதுப்பித்துவிட்டாராம்,
கல் பலகை, புது அடுப்பு, எல்லாம்.
சொல்லி முடித்தும் போனை வைக்கவில்லை.
"என்ன நிறம்?" என்றார்.
சொன்னேன்.
கொஞ்ச நேரம்
குழாயில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

வெளியே உப்பு லாரி
சாலையை வெளுத்துக்கொண்டு போனது.
அந்த உப்பில் எவன் இறக்குவான்
இத்தனை தாழ்ந்த வயிற்றை?
மேடையில் ஏற்றினேன். சுற்றியது.

ஜனவரிப் படிவத்தில்
இருப்பு என்ற கட்டத்தில்
முதல் தடவையாக ஒரு எண் எழுதினேன்: ஒன்று.
விற்காமல் நிற்கும் நாட்கள்: எண்பத்து மூன்று.

அதை ஸ்கேனர்
தெளிவாகப் படித்தது.